பாக்கு மட்டையா, கரும்புச் சக்கையா?

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் அதில் அடக்கம். அதன்பிறகு விசேஷ வீட்டுக்காரர்கள் அதிகம் கேட்டு வாங்குபவை இரண்டு: பாக்கு மட்டைத் தட்டு, கரும்புச் சக்கைத் தட்டு. தரையிலோ மேசையிலோ உட்கார்ந்து சாப்பிடும் பந்திக்கு வாழையிலை இருக்க, இவை போட்டிக்கே வரவேண்டாம். பேச்சு, கையில் ஏந்திச் சாப்பிடும் பஃபேயைப் பற்றி.

மட்டைத் தட்டில் சேர்மானம் எதுவும் இல்லை. மரத்திலிருந்து தானாக விழும் மட்டையைக் கழுவி, சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு தயார். குழம்பும் ரசமும் ஊற்றினாலும் கையில் வளையாது. ஆனால் மட்டையின் அகலத்துக்கு மேல் தட்டைப் பெரிதாக்க முடியாது. அடுக்கினால் இடத்தை அடைக்கும். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்; மழைக்காலத்தில் கட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்தே வாங்குங்கள்.

சக்கைத் தட்டு ஆலைச் சரக்கு. கூழாக்கி வார்ப்பதால் வெள்ளையாக, ஒரே அளவில், மெல்லிசாக வரும். அறை பிரித்த தட்டு, மூடி போட்ட டப்பா என்று எந்த வடிவமும் கிடைப்பதால் பார்சல் கடைகளுக்கு இதுதான் தோது. சூடான குழம்பு வெகுநேரம் நின்றால் அடி இளகும். அதைத் தடுக்கச் சில தயாரிப்பாளர்கள் நீரையும் எண்ணெயையும் ஒட்டவிடாத பிஎஃப்ஏஎஸ் (PFAS) ரசாயனங்களைக் கலந்தார்கள். மக்கும் தட்டுக்குள் லேசில் மக்காத ரசாயனம்! அது இல்லை என்று உறையில் அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்கலாம்.

இதை வைத்துப் பார்த்தால் மட்டைக்கே ஓட்டு விழ வேண்டும். ஆனால் 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் குறுக்கே வந்தது: மட்டையில் இயற்கையாக உள்ள அரிகோலின் போன்ற ஆல்கலாய்டுகள் (உடலைப் பாதிக்கக்கூடிய தாவர வேதிப்பொருள்கள்) உணவில் இறங்கக்கூடும், ஆகவே மட்டைத் தட்டுகளை உணவுக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை என்றது. நம்மூர் ஏற்றுமதியாளர்களுக்கு இது பலத்த அடி.

முழுச் சாப்பாடு என்றால் நான் பிஎஃப்ஏஎஸ் இல்லாத கனமான சக்கைத் தட்டைத்தான் சொல்வேன். மட்டைதான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: அதன்மேல் வட்டமாக நறுக்கிய வாழையிலையைப் போடச் சொல்லுங்கள். சமையல்காரர்களுக்குப் பழகிய வேலைதான், செலவும் சொற்பம்.