கார் உள்ள பிளாஸ்டிக்ல கீறலா? ஹீட் கன், பட்டி, கலர், ஸ்டிக்கர், புதுப்பேட்டை: எது தேறும்?

போன பொங்கலுக்கு கோயம்பேட்டுல ஒரு கட்டு கரும்பு வாங்கி, பின் சீட்ட மடக்கிட்டு டிக்கி வழியா சொருகி எடுத்துட்டு வந்தேன். வீட்டுல இறக்கும்போதுதான் பாக்குறேன், டிக்கி ஓரத்து பிளாஸ்டிக்ல நாலு கோடு, பின் டோர் பேட்ல (கதவோட உள்பக்க பிளாஸ்டிக் பேனல்) நீளமா ஒரு கோடு, எல்லாம் கருப்பு மேல வெள்ள வெளேர்னு. வெளிய பெயிண்ட்ல கீறல்னா டிங்கரிங் கடைல விட்டா கதை முடிஞ்சுது. உள்ள கீறல்னா யார்கிட்ட போறதுன்னே புரியல, சர்வீஸ் சென்டர்ல கேட்டா "பார்ட்ட மாத்திடலாம் சார்"ங்கிறாங்க, சீட் கவர் கடைக்காரர் "கார்பன் ஸ்டிக்கர் போட்டுடலாம்ணே"ங்கிறார், யூடியூப்ல எல்லாரும் ஹீட் கன்ன தூக்கிட்டு நிக்கிறாங்க. அப்படியே ஒவ்வொண்ணா செஞ்சு பாத்துட்டேன், என் கார்லயும் மச்சான் கார்லயும் (அவனுக்குத் தெரிஞ்சு ஒண்ணு, தெரியாம ஒண்ணு).

எது நல்லதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி உங்க கார்ல இருக்கிறது எந்த பிளாஸ்டிக்னு பாக்கணும், இத யாரும் சொல்றதில்ல, அதனாலதான் ஒருத்தருக்கு சூப்பரா வேலை செஞ்சது இன்னொருத்தருக்கு நாசமாப் போகுது. கழட்டுன பேனலோட பின் பக்கம் திருப்பினா சின்னதா அச்சு இருக்கும், பிபின்னு இருந்தா பாலிப்ரொப்பிலீன், பக்கத்துலயே டிடி20ன்னு இருந்தா அதுல 20 சதவீதம் டால்க் கலந்திருக்குன்னு அர்த்தம், ஆமா, நம்ம முகத்துக்குப் போடுற பவுடர்ல இருக்கிற அதே டால்க்தான். டோர் பேட், தூண் மேல இருக்கிற டிரிம், டிக்கி ஓரம் எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம், கைல தொட்டா புள்ளி புள்ளியா தோல் மாதிரி சொரசொரப்பு இருக்கும். கீறல் விழுந்தா வெள்ளையா தெரியறதுக்குக் காரணமும் இதுதான், சொரசொரப்பு நசுங்கி வெளிச்சம் சிதறுது, உள்ள இருக்கிற டால்க்கும் சேந்து பல்ல காட்டுது. கியர் பக்கம், ஸ்டீரியோ சுத்தி இருக்கிறது ஏபிஎஸ்ஸாவோ ஏபிஎஸ் கலந்ததாவோ இருக்கும், அது மேல சில்வர் பெயிண்டோ, கண்ணாடி மாதிரி மின்னுற பியானோ பிளாக் கருப்போ இருக்கும். ரெண்டும் ரெண்டு ஜாதி, ஒண்ணுக்குப் பண்றத இன்னொண்ணுக்குப் பண்ணக் கூடாது.

அடுத்து ரெண்டு சோதனை, செலவே கிடையாது. நகத்த கீறலுக்குக் குறுக்க ஓட்டுங்க, மாட்டலன்னா மேலாப்ல கீறல், மாட்டுச்சுன்னா பள்ளம். அப்புறம் விரல்ல தண்ணி தொட்டு கீறல் மேல தடவுங்க. தண்ணி இருக்கிற வரைக்கும் வெள்ளை மறைஞ்சா டிரெஸ்ஸிங் (பிளாஸ்டிக் மேல தடவுற பாலிஷ்) போட்டே பெருமளவு சமாளிச்சுடலாம், தண்ணியிலயும் பளிச்னு தெரிஞ்சா டிரெஸ்ஸிங்குக்குக் காசு போடாதீங்க.

அதுக்கும் முன்னாடி ஒரு தடவ கழுவிடுங்க. எங்க வீட்டு கார்ல டோர் அடிப்பக்கம் கீறல்னு நெனச்சதுல பாதி கீறலே இல்ல, செருப்பு ரப்பர் தேச்ச கோடு. துணி சோப்புத் தண்ணி, பழைய டூத் பிரஷ், பனியன் துணி, அவ்ளோதான். மேஜிக் ஸ்பாஞ்ச்னு வெள்ளையா விக்கிறாங்கல்ல, அதும் எடுக்கும், ஆனா அது நுண்ணிசா ஒரு உப்புத்தாள் மாதிரிதான், பளபளப்பான எடத்துல வெச்சீங்கன்னா மங்கிடும்.

இப்ப ஹீட் கன். யூடியூப்ல காட்டுறது பொய்யில்ல, சூடு பட்டா வெள்ளக் கோடு கண்ணு முன்னாடியே மறையறது நெஜம்தான், வளைஞ்சு வெளுத்துப்போன பிளாஸ்டிக் சூட்டுல இறுக்கம் தளந்து பழைய நிறத்துக்கு வரும், கீறலோட ஓரத்துல எழும்பி நிக்கிற மயிரிழை மாதிரி துணுக்கும் படிஞ்சுடும். ஆனா சுரண்டிட்டுப் போன பிளாஸ்டிக் திரும்ப வராது, பள்ளம் பள்ளம்தான். கணக்கப் பாருங்க, பாலிப்ரொப்பிலீன் உருகறது 160, 165 டிகிரில, ஏபிஎஸ் 105 டிகிரி சுத்திலயே இளக ஆரம்பிச்சுடும், கடைல கிடைக்கிற சாதா ஹீட் கன் 500, 600 டிகிரி காத்து ஊதும். நடுவுல உங்க கை அசையற வேகம் மட்டும்தான் காப்பாத்தணும். மச்சான் கார்ல தெரியாம செஞ்சது இதுதான், ரெண்டு செகண்ட் கூட நின்னுடுச்சு, கீறல் போச்சு, கூடவே சொரசொரப்பும் போச்சு, உள்ளங்கை அளவுக்கு வழுவழுன்னு பளபளன்னு ஒரு திட்டு. கீறலாவது ஒரு கோணத்துலதான் தெரிஞ்சுது, இது எந்தப் பக்கம் நின்னாலும் தெரியுது. அவன் இன்னும் வெயில்ல ஆனதுன்னுதான் நெனச்சுட்டு இருக்கான், இத படிக்காம இருந்தா சரி.

அதுக்கு பதிலா வீட்டு ஹேர் டிரையர் பரவால்ல. அது பிளாஸ்டிக்க உருக்கற அளவுக்கு சூடு தராது, அதனால அதிசயமும் நடக்காது, ஆபத்தும் ரொம்பக் கம்மி. வளைஞ்சதால வெளுத்த எடத்துக்கு, அதாவது க்ளிப் போடும்போது மடங்கி வெள்ளையான பேனலுக்கு, ஹேர் டிரையர் கொஞ்சம் பலன் தருது. கரும்புக் கீறலுக்கு தரல.

டிரெஸ்ஸிங்ல ரெண்டு ரகம் இருக்கு, சிலிக்கான் எண்ணெய் போட்டது, தண்ணி சேந்தது. சிலிக்கான் போட்டா அன்னிக்கு ஷோரூம் கார் மாதிரி மின்னும், அடுத்த நாள் டேஷ்போர்டு முழுக்க கண்ணாடில பிரதிபலிச்சு எதிர் வெயில்ல ரோடு தெரியாது, மூணாவது நாள் தூசி பூரா ஒட்டி நிக்கும். ஸ்டீரிங், பெடல் பக்கம் கொண்டே போகக் கூடாது, வழுக்கும். தண்ணி ரகம் பளபளப்பு கம்மி, அதான் எனக்கு வேணும், மேலாப்புக் கீறல நல்லா மறைக்குது, ஆனா சில வாரத்துக்கு ஒரு தடவ திரும்பப் போடணும். தேங்காய் எண்ணெய் போடலாமான்னு எங்கம்மா கேட்டாங்க, போட்டும் பாத்தாச்சு. கீறல் மறையுது, ரெண்டு நாள் கார் உள்ள பலகாரக் கடை வாசம், அப்புறம் சிக்குப் பிடிச்சு பிசுபிசுன்னு ஆயிடுச்சு. ஷூ பாலிஷ் போட்டவங்க கதைய அவங்க வெள்ள வேட்டிகிட்டதான் கேக்கணும்.

பள்ளம்னா பட்டி (பள்ளத்த நிரப்பற பசை) வெச்சுப் பாக்கலாமான்னு தோணும். வெளிய பாடிக்குப் போடுற பட்டி இதுக்கு ஆகாது, டோர் பேட் வளையும், அது வளையாது, விரிசல் விட்டு உதிரும். பிளாஸ்டிக்குன்னே தனியா வளையிற ஃபில்லர் இருக்கு, அதுகூட சிலிக்கான்ல செஞ்ச ஒரு பேடும் சில கிட்ல வருது, பக்கத்துல கீறல் இல்லாத எடத்துல இருந்து சொரசொரப்ப அச்சு எடுத்து ஃபில்லர் மேல அழுத்தணும். ஐடியா அருமை. நெஜத்துல ஃபில்லர் இறுகற நேரத்துக்குள்ள சரியான அழுத்தத்துல அச்சு வைக்கிறது கைப்பழக்கம், எனக்கு மூணு தடவயும் ஓரத்துல கோடு விழுந்துச்சு. இதையே தொழிலா பண்றவங்க செஞ்சா கண்டே பிடிக்க முடியாது, மென்மையான டேஷ்போர்டு தோல்ல வெட்டு விழுந்தா அவங்ககிட்ட குடுக்கறதுதான் சரி, டேஷ்போர்ட கழட்டி மாத்தறத விட அது எவ்வளவோ மேல். பெவி குவிக் ஊத்தி சோடா மாவு தூவற வித்தையும் இருக்கு, கல்லு மாதிரி இறுகும், ஆனா பாலிப்ரொப்பிலீன்ல ஒழுங்கா ஒட்டாது, ஒரு நாள் முழு சில்லா கழண்டு வரும்.

கலர் அடிக்கிறது தனியா ஒரு வழியும் இல்ல, பட்டிக்கு அப்புறம் எப்படியும் அடிச்சே ஆகணும். இதுல ஒரே ரகசியம் பிரைமர். பாலிப்ரொப்பிலீன் மேல எதுவும் லேசுல ஒட்டாது, அதுக்குன்னே நிறமில்லாத பிளாஸ்டிக் பிரைமர் ஸ்ப்ரே இருக்கு, அதோட வேலையே மேல வர்ற பெயிண்ட்ட பிடிச்சு வெக்கிறதுதான். அத விட்டுட்டு நேரா கருப்பு ஸ்ப்ரே அடிச்சா முதல் கோடைலயே, நகம் பட்ட எடத்துல இருந்து தோல் உரியற மாதிரி உரியும். பேனல கழட்டி, சோப்புல கழுவி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துடைச்சு (பழைய டிரெஸ்ஸிங் சிலிக்கான் இருந்தா பெயிண்ட் மீன் கண்ணு மாதிரி விலகிப் போகும்), பிரைமர், அப்புறம் மெல்லிசா மூணு நாலு கோட்டு. கெட்டியா ஒரே கோட்டுல அடிச்சீங்கன்னா சொரசொரப்பு பூரா பெயிண்ட்ல மூழ்கிடும். தின்னர், அசிட்டோன் வெச்சு துடைக்காதீங்க, ஏபிஎஸ் கரைஞ்சு கைல வந்துடும். கார் உள்ளயே பேப்பர் ஒட்டிட்டு அடிக்கலாம்னு நெனைக்கவே வேணாம், வாசனை போகவே போகாது. நிறம் பொருந்தறது தனித் தலைவலி, கருப்புன்னு சொல்றோம், ஆனா கார் உள்ள இருக்கிற கருப்பு பாதி சாம்பல்தான். பீஜ் இண்டீரியர்காரங்கள நெனச்சா பாவமா இருக்கு.

ஸ்டிக்கர், அதாவது வினைல் ராப். தட்டையா, வழுவழுப்பா இருக்கிற பேனலுக்கு, பவர் விண்டோ சுவிட்ச் இருக்கிற பட்டைக்கு, கியர் கன்சோலுக்கு இது உண்மையிலயே நல்லது, செலவு கம்மி, பிடிக்கலன்னா உரிச்சுடலாம். சொரசொரப்பான டோர் பேட்ல ஒட்டினா பசை புள்ளி மேல மட்டும்தான் பிடிக்கும், மத்தியான வெயில்ல நிறுத்தின காருக்குள்ள என்ன சூடுன்னு நமக்குத் தெரியும், ஓரம் தூக்கிடும். ஆழமான பள்ளம் ஸ்டிக்கர் வழியாவும் தெரியும், அதையும் சொல்லிடறேன்.

கடைசில நான் செஞ்சது பேனல மாத்தினது. சர்வீஸ் சென்டர்ல புதுசு கிடைக்கும், ஆனா நிறைய பார்ட் தனியா தர மாட்டாங்க, முழு டோர் பேடாதான் வாங்கணும், விலையக் கேட்டா கீறலே அழகாத் தெரிய ஆரம்பிச்சுடுது. அப்படியே சென்னைல பழைய வண்டி பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டைக்குக் கிளம்பினேன். கழட்டின கார் பார்ட்ஸ் தெருத் தெருவா குமிஞ்சு கிடக்கும், நம்ம மாடல், வருஷம், எந்தப் பக்கம்னு சொன்னா பையன் ஒருத்தன் எங்கயோ ஓடிப் போய் எடுத்துட்டு வருவான். முதல் விலைய வாங்கிடாதீங்க, 1,500 சொன்னது 900க்கு வந்துச்சு. ஆனா உங்க பழைய பேனல கழட்டி கைல எடுத்துட்டுப் போங்க, இத அழுத்திச் சொல்றேன், ஒரே மாடல்ல வேற வேற வேரியன்ட்டுக்கு சுவிட்ச் ஓட்டை, ஸ்பீக்கர் ஓட்டை எல்லாம் மாறும், வலது இடது குழப்பம் வேற. வெளிச்சத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, வெயில்ல நின்ன வண்டிலருந்து வந்ததுன்னா வெளுத்திருக்கும். நான் வாங்கினதுல பின்னாடி யாரோ சின்னப் பையன் பென்சில்ல கிரிக்கெட் ஸ்கோர் எழுதியிருந்தான், அத அப்படியே விட்டுட்டேன்.

ஆக என் வரிசை இதான்: சொரசொரப்பு பிளாஸ்டிக்ல மேலாப்புக் கீறலா, கழுவிட்டு தண்ணி ரக டிரெஸ்ஸிங். அதே பிளாஸ்டிக்ல பள்ளமா, புதுப்பேட்டை பேனல், பட்டி கலருக்கு ஆகுற நேரத்துல ரெண்டு தடவ போயிட்டு வந்துடலாம். ஹீட் கன் எனக்குக் கடைசி இடம், அதும் பழைய பேனல்ல பழகிட்டு. டிக்கி ஓரத்து நாலு கோட நான் எதுவுமே பண்ணல, டிரெஸ்ஸிங் போட்டு விட்டுட்டேன், வர்ற பொங்கலுக்கும் கரும்பு அங்கதான வரும்.

பியானோ பிளாக் வெச்சிருக்கிறவங்களுக்கு மேல சொன்னது எதுவும் பொருந்தாது. அதுல வர்றது முக்காவாசி துடைக்கிறதால வர்ற வலைப்பின்னல் கோடு, காஞ்ச துணியால தூசிய தேச்சா போச்சு. ஃபைன் பாலிஷிங் காம்பவுண்ட மைக்ரோ ஃபைபர்ல தொட்டு மெல்ல தேச்சா போயிடும், கொஞ்சம் ஆழம்னா 2000, 3000 நம்பர் உப்புத்தாள் தண்ணி தொட்டு, அப்புறம் காம்பவுண்ட். டூத் பேஸ்ட்டும் தேய்க்கும், ஆனா மங்கலா ஒரு படலம் விட்டுட்டுப் போகும்.

ஏர்பேக்னு எழுதியிருக்கிற எடத்துல, டேஷ்போர்டு இடது பக்கம், முன் கண்ணாடித் தூண் டிரிம், எங்கயா இருந்தாலும் பட்டி, ஸ்டிக்கர், சூடு எதுவும் வேணாம், அந்த மூடி பிரிஞ்சு திறக்கணும்னே செஞ்சது. அங்க கீறல் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அப்புறம் டோர் பேட் கழட்டும்போது குறைஞ்சது ரெண்டு க்ளிப்பாவது உடையும், புதுப்பேட்டைலயே ஒரு பத்து வாங்கி வெச்சுக்குங்க, இல்லன்னா கீறல் போன இடத்துல ஸ்பீட் பிரேக்கருக்கு ஸ்பீட் பிரேக்கர் கடகடன்னு சத்தம் வரும்.