மிதக்கும் வீடு: கான்கிரீட் தொட்டியா, தெர்மோகோல் மிதவையா?

மிதக்கும் வீடு என்றதும் எல்லோரும் கூரையில் எத்தனை சோலார் பேனல் வைக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், கரன்ட் செலவைப் பாதி தீர்மானிப்பது தண்ணீருக்குள் இருக்கும் அடித்தளம்தான். அதைத் தேர்ந்தெடுத்த பிறகு மாற்றவும் முடியாது.

கான்கிரீட் தொட்டி என்பது உள்ளே காலியாக இருக்கும் பெரிய பெட்டி. பாதி முங்கிய நிலையில் ஒரு தளமே கிடைத்துவிடும். பாரம் அடியில் இருப்பதால் வீடு அதிகம் ஆடாது. பேட்டரி, தண்ணீர் டேங்க் எல்லாவற்றையும் கீழேயே வைக்கலாம். ஆனால் கான்கிரீட் வெப்பத்தைத் தடுக்காது. 10 செ.மீ. தெர்மோகோல் செய்யும் வேலையைச் செய்ய 4 மீட்டருக்கும் மேல் கனமான கான்கிரீட் வேண்டும். தொட்டிச் சுவருக்குத் தனியாக இன்சுலேஷன் போடாவிட்டால், குளிர்ந்த சுவரில் அறையின் ஈரம் முத்து முத்தாகப் படியும். அப்புறம் மூலையில் பூஞ்சைதான்.

தெர்மோகோல் மிதவையில் அந்தத் தொல்லை இல்லை. மிதக்க வைக்கும் பொருளே தரைக்கும் தண்ணீருக்கும் நடுவே வெப்பத்தைத் தடுக்கிறது. விரிசல் விட்டாலும் மூழ்காது, ஆழம் குறைவான இடத்திலும் நிற்கும். ஆனால் கீழ்த்தளம் கிடையாது. முழு வீடும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்பதால் காற்றுக்கு ஆடும். மிதவையை மூடியிருக்கும் ஓடு உடைந்தால் தெர்மோகோல் துகள்கள் தண்ணீரில் கலக்கும். எனக்கு இதுதான் பெரிய உறுத்தல். முழுக்க மூடாத மிதவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

எந்த மிதவையானாலும் பாரக் கணக்கு ஒன்றுதான். 100 சதுர மீட்டர் மிதவையில் ஒரு டன் ஏற்றினால் நன்னீரில் 1 செ.மீ. இறங்கும். 20 டன் மண் போட்டு மாடித்தோட்டம் அமைத்தால் 20 செ.மீ. போய்விடும். பாரம் ஒரு பக்கமாக இருந்தால் வீடே சாயும்.

குளிரூட்ட, சூடேற்ற ஹீட் பம்ப் (வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கடத்தும் கருவி) என்றால், வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுப்பதா, தண்ணீரிலிருந்து எடுப்பதா? தண்ணீர் என் தேர்வு. பனிக்காலத்தில் காற்று பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும், ஆழமான ஏரியின் அடியில் தண்ணீர் 4 டிகிரி அளவில் இருக்கும். அந்த வித்தியாசம் கரன்ட் செலவில் தெரியும். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கூன்ஸ்கிப் என்ற மிதக்கும் குடியிருப்பில் 46 குடும்பங்கள் கால்வாய் நீரிலிருந்துதான் வெப்பம் எடுக்கின்றன. குழாயில் பாசி படியும், அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். தேங்கிய, ஆழமில்லாத நீரென்றால் காற்று ஹீட் பம்பே போதும்.

ஆக, ஆழமும் இன்சுலேஷனுக்குப் பணமும் இருந்தால் கான்கிரீட் தொட்டி. கோடையில் நீர் வற்றும் இடமென்றால் நன்றாக மூடிய தெர்மோகோல் மிதவை.