எத்தனை இரவு தங்கப் போகிறீர்கள்?

வேலை நிமித்தம் மாதத்தில் பத்துப் பன்னிரண்டு இரவுகளைப் பெருநகர விடுதிகளில் கழிக்கிறேன். பதினான்கு ஆண்டுகளாக இப்படித்தான். பல ஊர்களில் கிளை பரப்பிய பெருநிறுவன விடுதியா, தனியொருவர் நடத்தும் சிறிய விடுதியா, சமையலறையோடு கூடிய சர்வீஸ் அபார்ட்மென்டா, எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: எத்தனை இரவு? நட்சத்திரம், வாடகை, படங்கள், தங்கியவர்கள் எழுதிய கருத்துகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரே இரவுக்குக் கச்சிதமாக இருந்த அறை ஐந்தாம் இரவில் மூச்சு முட்டும். ஐந்து இரவுக்குச் சொந்த வீடு போலிருந்த இடம், ஒரே இரவுக்குப் போனால் தொல்லையாகிவிடும்.

ஒரே இரவு என்றால்

பதினொன்றரைக்கு விமானம் தரையிறங்குகிறது. அறைக்குள் நுழையும்போது மணி ஒன்று. காலை ஒன்பதுக்குக் கூட்டம். இந்தக் கணக்கில் பெருநிறுவன விடுதிக்கு ஈடே இல்லை. வரவேற்பு மேசையில் யாராவது விழித்திருப்பார்கள். விளக்கின் சுவிட்ச், இஸ்திரிப் பெட்டி, கூடுதல் போர்வை எல்லாம் எந்த ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருக்கும். நிறுவனத்தின் பெயரில், வரி விவரத்தோடு ரசீது கேட்டால் யாரும் விழிக்க மாட்டார்கள்.

ஒருமுறை, படங்களைப் பார்த்து மயங்கி, பழைய வீடொன்றை அழகாக மாற்றியமைத்திருந்த சிறிய விடுதியில் ஒரு இரவுக்குப் பதிவு செய்தேன். போய்ச் சேர்ந்தபோது வாசற்கதவு பூட்டியிருந்தது. அழைப்புமணியை அழுத்தி, தொலைபேசியில் கூப்பிட்டு, தெருவில் பெட்டியோடு இருபத்தைந்து நிமிடம் நின்றேன். கதவைத் திறந்தவர் உண்மையாகவே வருந்தினார், நல்ல மனிதர். ஆனால் என் உறக்கத்தில் அரை மணி நேரம் போனது போனதுதான். மறுநாள் கூட்டத்தில் ஓர் எண்ணைத் தவறாகச் சொன்னேன்.

இந்த ஒரே மாதிரித்தனம் சோம்பலில் பிறந்ததல்ல. எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் 1908-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் கட்டிய விடுதியில் ஒவ்வொரு அறைக்கும் தனிக் குளியலறை வைத்தார். தாழ்வாரத்தின் கோடியில் இருக்கும் பொதுக் குளியலறைக்கு நடப்பதே அன்று பெரும்பாலான பயணிகளுக்கு வழக்கம். அடுத்தடுத்த குளியலறைகளின் குழாய்களை ஒரே செங்குத்துப் பாதையில் இறக்கியதால்தான் அது கட்டுப்படியானது. 1952-ல் கெம்மன்ஸ் வில்சன் மெம்ஃபிஸில் முதல் ஹாலிடே இன் விடுதியைத் திறந்ததற்கு, அதற்கு முந்தைய ஆண்டு குடும்பத்தோடு காரில் போனபோது வழியில் பட்ட அவதியே காரணம். அறைக்கு அறை தரம் மாறாதிருப்பதையே அவர் வியாபாரமாக்கினார். நள்ளிரவில் வந்து சேர்கிறவனுக்கு அது பெரிய கொடை.

உறக்க ஆய்வும் இங்கே சேர்கிறது. பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட முடிவு: பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு ஆழ்ந்து உறங்கும்போதும் மூளையின் இடது பாதி வலது பாதியைப் போல் முழுமையாக உறங்குவதில்லை, ஒலி கேட்டால் சட்டென்று விழித்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே இடத்தில் உறங்கியபோது இந்த வேறுபாடு இல்லை. முதல் இரவு எங்கே படுத்தாலும் அரைத் தூக்கம்தான் என்றால், அந்த இரவில் புதுமைகளை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெருநிறுவன விடுதிகளிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்களைக் கணக்கிட்டு, இருக்கும் அறைகளைவிடக் கூடுதலாகப் பதிவு ஏற்கும் வழக்கம் இந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது. கணக்குத் தப்பும் நாளில், பெரும்பாலும் கடைசியாக வந்து சேர்கிறவரைத்தான் வேறு விடுதிக்கு அனுப்புவார்கள். எனக்கு இரண்டு முறை நேர்ந்திருக்கிறது. பணம் கட்டி உறுதி செய்த பதிவு, கையில் தாள், எதிரே புன்னகை, ஆனால் அறை இல்லை. அன்றிலிருந்து தாமதமாகப் போகும் நாளில் மாலை ஆறு மணிக்கு விடுதிக்கே நேரடியாகத் தொலைபேசியில் பேசி, இத்தனை மணிக்கு வருகிறேன் என்று சொல்லி, பேசியவரின் பெயரைக் குறித்துக்கொள்கிறேன். அதன் பிறகு ஒருமுறையும் திருப்பி அனுப்பப்படவில்லை.

இரண்டு, மூன்று இரவு என்றால்

தராசு இங்கே சாய்கிறது. பெருநிறுவன விடுதியில் மூன்றாம் நாள் காலை கண்விழித்து, எந்த ஊரில் இருக்கிறோம் என்று சில நொடிகள் புரியாமல் கிடந்த அனுபவம் அடிக்கடி பயணம் செய்யும் எல்லோருக்கும் இருக்கும். அந்தச் சில நொடிகள் எனக்குப் பிடிப்பதில்லை. சிறிய விடுதியில் அது நேர்வதில்லை. அங்கே இரண்டாம் நாள் காலையே பெயர் சொல்லி அழைக்கிறார்கள். கூட்டம் நடக்கும் கட்டடத்துக்கு எந்தப் பக்கம் நுழைய வேண்டும், எட்டரைக்குக் கிளம்பினால் எங்கே வண்டி நெரிசலில் நிற்கும், மழை வந்தால் எந்தத் தெரு தேங்கும் என்பதெல்லாம் நடத்துகிறவருக்கே தெரியும். விசாரித்துச் சொல்கிறேன் என்று தொலைபேசியை எடுக்க மாட்டார்.

குறை என்னவென்றால், அறைக்கு அறை வேறுபாடு. படத்தில் இருப்பது அவர்களிடம் உள்ள மிகச் சிறந்த அறை. கிடைப்பது படிக்கட்டை ஒட்டிய அறையாக இருக்கலாம். வாடகை இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே சிறிய விடுதியில் பதிவு செய்தால், படத்தில் உள்ள அறையின் எண் என்ன, அது அன்று காலியா என்று கேட்டுவிடுவேன். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அடுத்தது ஒலி. பழைய கட்டடங்களின் மெல்லிய கதவுகளும் பொருத்தமில்லாத சன்னல்களும் தெருவை அப்படியே உள்ளே கொண்டுவந்துவிடும். படுக்கையறைக்குள் இரவில் தொடர்ச்சியான ஒலி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது, திடீர் ஒலிகள் 45-ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-ல் தந்த வழிகாட்டல். அளக்கும் கருவியை நான் சுமந்துகொண்டு போவதில்லை. பெரிய விடுதியோ சிறியதோ, அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்க மாட்டேன். விளக்கையும் ஏ.சி.யையும் அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் அப்படியே நிற்பேன். லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தம், பணியாளர்கள் வண்டி தள்ளிச் செல்லும் கதவு அடிக்கும் சத்தம், மேல்தளத்து நாற்காலி, சுவருக்கு அப்பால் ஓடும் மோட்டார், எல்லாம் காதில் விழுந்துவிடும். பெட்டி மூடியிருக்கும்போது அறையை மாற்றிக் கேட்பது இரு தரப்புக்கும் எளிது. துணிகளை மாட்டிய பிறகு நமக்கே மனம் வராது.

மாடியைப் பற்றி ஒரு வார்த்தை. உயரமான தளத்தில் தெருச் சத்தம் குறையும், காட்சியும் நன்றாக இருக்கும். ஆனாலும் நான் நான்காவது, ஐந்தாவது தளத்தைத்தான் கேட்டு வாங்குகிறேன். 1980-ல் லாஸ் வேகாஸின் எம்.ஜி.எம். கிராண்ட் விடுதியில் தீ பிடித்தது தரைத்தளத்தில். இறந்த 85 பேரில் பெரும்பாலோர் மேல்தளங்களில், புகையில் சிக்கியவர்கள். அதைப் படித்த நாளிலிருந்து, அறையிலிருந்து அவசரப் படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று எண்ணிவிட்டுத்தான் படுக்கிறேன்.

ஐந்து இரவும் அதற்கு மேலும்

சர்வீஸ் அபார்ட்மென்ட். இதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை. துணி துவைக்கும் இயந்திரம் இருந்தால் பெட்டியின் எடை பாதியாகிறது. படுக்கையும் வேலை மேசையும் வெவ்வேறு அறைகளில் இருந்தால், இரவு பத்து மணிக்கு மேசை விளக்கை அணைத்துவிட்டு வேலையை அந்த அறையிலேயே விட்டுவர முடிகிறது. இரவு எதைச் சாப்பிடுவது என்று ஒவ்வொரு நாளும் முடிவெடுக்கும் களைப்பும் இல்லை. சாவி வாங்குவது மட்டும் தலைவலி. கதவுக்கான எண்ணைக் கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறார்கள், அது வேலை செய்யாவிட்டால் நள்ளிரவில் கேட்க ஆள் இருக்காது. அதனால் பகலில் போய்ச் சேரும்படி பயணத்தை அமைத்துக்கொள்கிறேன். முடியாவிட்டால் முதல் இரவை விமான நிலைய விடுதியில் கழித்துவிட்டுக் காலையில் மாறுகிறேன். விமான நிலைய விடுதிக்கு இதைத் தவிர எனக்கு வேறு பயன் இல்லை.

நட்சத்திரமும் புள்ளியும்

விடுதிகளின் நட்சத்திரத்துக்கு உலகம் முழுவதற்குமான ஒரே அளவுகோல் கிடையாது. ஐரோப்பிய நாடுகள் சில 2009-ல் ஹோட்டல்ஸ்டார்ஸ் யூனியன் என்று ஒன்றுகூடித் தங்களுக்குள் ஒரு பொது அளவுகோலை வகுத்துக்கொண்டன. மற்ற இடங்களில் ஆளுக்கொரு விதி. பெரும்பாலும் நட்சத்திரம் எண்ணுவது வசதிகளைத்தான்: லிஃப்ட், நீச்சல்குளம், வரவேற்பு மேசை எத்தனை மணி நேரம் திறந்திருக்கும் என்பது போல. நான் ஒருநாளும் இறங்காத நீச்சல்குளத்துக்குக் கிடைத்த நட்சத்திரம் என் உறக்கத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

ஒரே நிறுவனத்தின் விடுதிகளில் தங்கத் தங்கச் சேரும் வாடிக்கையாளர் புள்ளிகள் இன்னும் ஆழமான வலை. விமான நிறுவனங்கள் 1981-ல் தொடங்கியதைப் பார்த்து மாரியட், ஹாலிடே இன் ஆகிய விடுதி நிறுவனங்கள் 1983-ல் இதை விடுதிகளுக்குக் கொண்டுவந்தன. புள்ளிகளுக்காகவே, கூட்டம் நடந்த இடத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த விடுதியில் மூன்று நாள் தங்கினேன். போக ஒரு மணி நேரம், வர ஒன்றே கால். சேர்ந்த புள்ளிகளில் பின்னர் ஒரு இலவச இரவு கிடைத்தது. சாலையில் போன ஆறே முக்கால் மணி நேரம் கிடைக்கவில்லை. இப்போது என் விதி, கூட்டத்துக்கு நடந்தே போகும் தூரம். அது அமைந்த பிறகு புள்ளி வந்தால் வரட்டும்.

சாப்பாடு: உள்ளேயா, வெளியேயா

தனியாகச் சாப்பிடும் இரவுக்கும் விருந்தினரோடு சாப்பிடும் இரவுக்கும் ஒரே விடை கிடையாது.

தனியாக என்றால், களைத்திருந்தாலும் வெளியே போய்விடுவேன். விடுதிக்குள் இருக்கும் உணவகத்தின் வாடிக்கையாளர்கள் எங்கும் போக முடியாதவர்கள். சமையல் சுமாராக இருந்தாலும் நாளை வேறு முகங்கள் வரும். தெருவில் இருக்கும் உணவகம், அக்கம்பக்கத்தவர் மறுவாரம் திரும்பி வந்தால்தான் பிழைக்கும். அந்த வேறுபாடு தட்டில் தெரிகிறது. சமையல்காரரைப் பார்த்தபடி உட்காரும் நீள மேசை இருந்தால் அங்கேதான் அமர்வேன். நான்கு பேர் மேசையில் தனியாக உட்காரும் சங்கடம் அங்கே இல்லை, சமைப்பதைப் பார்ப்பதே துணையாகிவிடுகிறது. அறைக்கே வரவழைக்கும் உணவு எனக்குக் கடைசி வழி. மூடி போட்டு, லிஃப்டில் ஏறி, தாழ்வாரம் கடந்து வருவதற்குள் மொறுமொறுப்பு ஆவியில் நமுத்துவிடும். வேறு வழியில்லாத இரவில் சூப் போல, பத்து நிமிடப் பயணத்தைத் தாங்குவதையே கேட்பேன்.

விருந்தினரோடு என்றால், புகழ்பெற்ற உணவகம் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். டயர் நிறுவனமான மிஷலின் 1900-ல் காரோட்டிகளுக்காக வெளியிட்ட கையேட்டில் 1926 முதல் உணவகங்களுக்கு நட்சத்திரம் தருகிறார்கள். தட்டில் இருப்பதை மட்டும் வைத்துத் தரப்படும் நட்சத்திரம் அது. அலங்காரம், உபசரிப்பு எதுவும் கணக்கில் சேராது. சாப்பாட்டுக்காகப் போகிறவருக்கு அது நேர்மையான வழிகாட்டி. ஆனால் எதிரே இருப்பவர் தாழ்ந்த குரலில் சொல்லும் நிபந்தனை நம் காதில் விழுமா என்பதை அது சொல்லாது. பெயர்பெற்ற ஓர் உணவகத்தில், ஆரவாரத்துக்கு நடுவே, வாடிக்கையாளர் சொன்னதை மூன்று முறை திரும்பக் கேட்டேன். நான்காம் முறை கேட்க வெட்கப்பட்டுத் தலையாட்டினேன். நான் தலையாட்டியது விலைக் குறைப்புக்கு என்பது மறுவாரம்தான் தெரிந்தது. இப்போது விருந்துக்கு முதல் நாள் அந்த உணவகத்தில் நான் மட்டும் போய்ச் சாப்பிட்டு, எந்த மூலை அமைதியாக இருக்கிறது என்று பார்த்து, அந்த மேசையையே கேட்டு வைக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் விடுதிக்குள் இருக்கும் உணவகம் பல நேரம் வெல்கிறது. மேசைகளுக்கு நடுவே இடம் இருக்கும், யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள்.

காலை உணவில் பெரிய விடுதிகளின் பஃபே எண்ணிக்கையில் மலைக்க வைக்கும். சூடான உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து மணிக்கு ஓரமாக ஆறிக் கிடக்கும் பாத்திரத்தைத் தொடமாட்டேன். எட்டு மணிக்கு முன் போனால் எல்லாம் புதிதாக இருக்கும். சிறிய விடுதியில் நான்கே வகைதான், ஆனால் கேட்ட பிறகு செய்கிறார்கள்.

ஒருமுறை அப்படியொரு சிறிய விடுதியிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு விமானத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. முந்தைய இரவு கணக்கை முடித்தேன். காலை உணவைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கீழே இறங்கியபோது சமையலறையில் விளக்கு எரிந்தது. அங்கே சமைக்கும் அம்மா, சூடான ரொட்டியைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்து, தேநீரைக் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நின்றார். அந்த ஊருக்கு இரண்டு இரவோ அதற்கு மேலோ போனால் அங்கேதான் தங்குகிறேன். ஒரே இரவு என்றால் இப்போதும் பெரிய விடுதிக்குத்தான் போகிறேன். நள்ளிரவில் அவர்களை எழுப்ப எனக்கு மனம் வருவதில்லை.