அன்ஷேர்: பிராசஸ் எண்களின் இரட்டை வாழ்வைக் காட்டும் கட்டளை

கன்டெய்னருக்குள் (நிரல்களைப் பிரித்துத் தனியாக ஓட்டும் சூழல்) பிராசஸ் எண்கள், அதாவது ஓடும் நிரல்களுக்கு லினக்ஸ் தரும் எண்கள், ஏன் மீண்டும் 1 இலிருந்து தொடங்குகின்றன என்பதை நேரில் பார்த்துப் புரிந்துகொள்ள விரும்புவோருக்கு, யுடில்-லினக்ஸ் என்ற லினக்ஸ் கருவித் தொகுப்பில் உள்ள அன்ஷேர் கட்டளையை நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். இதற்கு அடிப்படையான பெயர்வெளி வசதி (பிராசஸ்களின் ஒரு குழுவுக்குத் தனி எண்வரிசை தருவது), 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸின் 2.6.24 கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) சேர்க்கப்பட்டுவிட்டது.

அன்ஷேர் மூலம் புதிய பெயர்வெளியில் ஒரு ஷெல்லை (கட்டளைகளைப் பெற்று இயக்கும் நிரல்) திறந்து, அதனுள் வெறுமனே காத்திருக்கும் ஸ்லீப் கட்டளையை ஓடவிட்டேன். உள்ளே அதன் எண் 2; வேறொரு டெர்மினலில் பார்த்தால் அதே பிராசஸின் எண் 48213. வெளியிலிருந்து, அதன் நிலையைக் கெர்னல் காட்டும் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்தபோது, ஒரே வரியில் இரண்டு எண்களும் அருகருகே நின்றன. பிராசஸ் பிறக்கும் பெயர்வெளியில் தொடங்கி, அதன் மூதாதைப் பெயர்வெளிகள் ஒவ்வொன்றிலும் கெர்னல் அதற்குத் தனித்தனி எண் வழங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் எனக்கு விளக்கியதில்லை.

குறையும் உண்டு. ஷெல்லைப் புதிய பிராசஸாகப் பிரித்து இயக்கச் சொல்லும் ஃபோர்க் தெரிவைக் கொடுக்க மறந்தால், ஷெல் பழைய பெயர்வெளியிலேயே தங்கிவிட, அது பெற்றெடுக்கும் முதல் பிராசஸே 1 ஆகிவிடுகிறது. அது முடிந்ததும் புதிய பிராசஸ் எதையும் உருவாக்க முடியாமல், நினைவகம் ஒதுக்க இயலவில்லை என்ற பொருத்தமற்ற பிழைச்செய்தி வருகிறது. புதியவர்கள் நினைவகத்தைத் தேடி அலைவார்கள். பிராசஸ் விவரங்களைக் காட்டும் புரொக் கோப்பமைப்பையும் புதிதாக ஏற்றுங்கள். இல்லையெனில் பிராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை பழைய பட்டியலையே காட்டும்.