படிவத்தில இல்லாத கேள்வி

போன கிழமை அப்பாவுக்கு நாரியில எம்.ஆர்.ஐ. எடுக்க ரவுணில ஒரு தனியார் ஸ்கான் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனன். 8.30க்கு வரச் சொல்லிப்போட்டு உள்ளுக்குக் கூப்பிட்டது 10.15க்கு. கதிரை காணாது, பாதிப் பேர் வாசல்ல மோட்டச்சைக்கிளில சாய்ஞ்சுகொண்டு நிண்டவை. கவுண்டர்ல தந்த படிவம் முழுக்க ஆங்கிலம். பேஸ்மேக்கர், பிளேட், ஸ்குரூ, இம்பிளான்ட் (உடம்புக்குள்ள வைச்ச சாமான்) ஏதும் இருக்கோ எண்டு கேட்டிருந்தது. எல்லாத்துக்கும் 'இல்லை' எண்டு நானே அடையாளம் போட்டுக் குடுத்திட்டன்.

உள்ளுக்கு நிண்ட ரேடியோகிராபர் சின்னப் பெடியன். படிவத்தைப் பாத்திட்டு ஒரு பக்கம் வைச்சார்.

"ஐயா, சண்டைக் காலத்தில காயம் பட்டனீங்களோ? உடம்பில செல் துண்டு ஏதும் கிடக்கோ?"

"ஓம் தம்பி, வலது தொடையில ஒண்டு கிடக்கு. 87ல பட்டது."

எனக்கும் தெரிஞ்ச விசயம்தான், சின்னனில தடவிப் பாத்திருக்கிறன். ஆனா 'இம்பிளான்ட்' எண்ட சொல்லைப் பாக்கேக்கை அது ஞாபகத்துக்கே வரேல்லை. ஒருத்தரும் வைச்சதில்லையே, வந்து ஏறினதெல்லோ.

உடனே பக்கத்து அறையில தொடைக்கு எக்ஸ்ரே எடுத்து டொக்டருக்குக் காட்டினார். நரம்புக்கும் பெரிய ரத்தக் குழாய்க்கும் தள்ளி, தசைக்குள்ள இறுகிக் கிடக்காம், ஸ்கான் செய்யலாம் எண்டவை. எம்.ஆர்.ஐ. மெசின் வேலை செய்யிறதே பெரிய காந்தத்தாலதான். அந்தக் காந்தம் 1.5 டெஸ்லா, பூமியின்ர காந்தத்தைப்போல கிட்டத்தட்ட 30,000 மடங்கு. ஸ்கான் ஓடாத நேரத்திலயும் அது ஓயாது. இரும்புத் துண்டு எண்டா இழுபடலாம், சூடேறலாம். அப்பாவின்ர கையில ரப்பர் பல்ப் ஒண்டைக் குடுத்து, "தொடையில இழுக்கிற மாதிரியோ சுடுற மாதிரியோ இருந்தா அமத்துங்கோ ஐயா" எண்டார். அரை மணித்தியாலம். அப்பா அமத்தேல்லை. குளிர் எண்டுதான் முறைப்பாடு. மெல்லிய துணி ஒண்டுதான் போத்தக் குடுத்தவையாம்.

ரேடியோகிராபர் எண்டா "மூச்சைப் பிடியுங்கோ, விடுங்கோ" எண்டு சொல்லி பட்டனை அமத்திற ஆள் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன். சி.ரி., மமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), எம்.ஆர்.ஐ. எல்லாம் தனித்தனியாப் பழகவேண்டிய வேலையாம். சி.ரியில எக்ஸ்ரே கதிர் அளவைக் கவனிக்கவேணும், எம்.ஆர்.ஐயில அந்தக் கதிரே இல்லை, ஆளோட உள்ளுக்குப் போற இரும்பைத்தான் கவனிக்கவேணும்.

படிவத்தைத் தமிழில அடிச்சு, செல் துண்டையும் கேளுங்கோ எண்டு கவுண்டர்ல சொன்னன். "மனேச்சரிட்டைச் சொல்லுறம்" எண்டினம். திரும்பவும் அங்கதான் போவன், அந்தத் தம்பி டியூட்டியில நிக்கிற நாளாப் பாத்து.