தானியேலும் வெளிப்படுத்தின விசேஷமும்: நாள் குறிக்காமல் நியாயத்தீர்ப்பைக் கற்றுத்தரும் ஒரு வேதபாட வகுப்பு

கடைசிக்காலம், அந்திக்கிறிஸ்து, அர்மகெதோன் என்ற தலைப்புகளில் நடக்கும் கூட்டங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம் என்றுமே குறைவிருந்ததில்லை. கன்வென்ஷன் பந்தலில் ஏழு தலை மிருகத்தின் படத்தைத் தொங்கவிட்டு, அந்த வாரத்துச் செய்தித்தாளின் தலைப்புகளோடு வசனங்களைச் சேர்த்துப் பிரசங்கிப்பதைக் கேட்டே வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அந்தப் பிரசங்கங்களால் மனந்திரும்பியவர்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் முடிந்து வீடு திரும்புகிறவர்களின் மனதில் பயம் நின்ற அளவுக்கு வேதப்பகுதி நின்றதில்லை. அதனால்தான், எங்கள் ஊர்த் திருச்சபை ஒன்றின் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் இந்த வேதபாட வகுப்பைப் பற்றி விரிவாக எழுத விரும்புகிறேன். இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடு கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு போதகர் நடத்துகிறார். கட்டணம் பாடக்குறிப்பு அச்சிடவும் தேநீருக்கும் மட்டுமே. எந்தச் சபையைச் சேர்ந்தவரும் வரலாம், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே, பிரதரன், கத்தோலிக்கர் என எல்லாரும் வந்திருந்தார்கள்.

முதல் சில வாரங்களில் மிருகமும் இல்லை, முத்திரையும் இல்லை. ஆசியாவின் ஏழு சபைகள் மட்டுமே. இது பலருக்குப் பொறுமையைச் சோதிப்பதாக இருந்தது. ஆனால் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் முதலில் ஒரு நிருபம், அதாவது கடிதம், என்பதையும், பத்மு தீவில் இருந்த யோவான் தனக்குத் தெரிந்த, பெயர் சொல்லி அழைக்கக்கூடிய சபைகளுக்கு அதை அனுப்பினார் என்பதையும் மனதில் பதிக்காமல் ஆறாம் அதிகாரத்துக்குள் நுழையக் கூடாது என்பதில் ஆசிரியர் உறுதியாக இருந்தார். அந்த உறுதியின் பலனை லவோதிக்கேயாவைப் படித்த மாலையில் கண்டோம். அந்த நகரத்தின் இடிபாடுகளில் கிடைத்த நீர்க்குழாய் ஒன்றின் புகைப்படத்தைச் சுற்றுக்கு விட்டார். கல்லைக் குடைந்து செய்த குழாய், உள்ளே சுண்ணாம்புப் படிவம் அடைத்துக்கொண்டு பாதித் துவாரமே மிச்சமிருந்தது. வடக்கே எராப்போலியில் வெந்நீர் ஊற்றுகள், கிழக்கே கொலோசெயில் குளிர்ந்த நீர். இடையில் இருந்த லவோதிக்கேயாவுக்கோ குழாய்வழியாகத் தொலைவிலிருந்து வந்த சுண்ணாம்பு கலந்த தண்ணீர். கி.பி. 60-இல் பூகம்பத்தில் இடிந்தபோது ரோமின் உதவியில்லாமல் தன் சொந்தச் செல்வத்தாலேயே மீண்டெழுந்த நகரம் அது என்று வரலாற்றாசிரியர் தாசித்து பதிவு செய்திருக்கிறார். இதையெல்லாம் கேட்டபின், வெதுவெதுப்பாயிருக்கிறாய் என்ற கண்டனத்தையும், ‘ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவுமில்லை’ என்று சொல்லிக்கொள்ளும் சபையின் மீது விழும் கடிந்துரையையும் வாசித்துப் பாருங்கள். நியாயத்தீர்ப்பு என்பது எங்கோ எதிர்காலத்தில் பிறருக்குக் காத்திருப்பதல்ல, சபையின் வாசலிலேயே தொடங்குகிறது என்பது விளக்கம் இல்லாமலே விளங்கிவிடுகிறது.

வெளிப்படுத்தின விசேஷம் மிருகத்தின் இலக்கமாகச் சொல்லும் அறுநூற்று அறுபத்தாறு என்ற எண்ணுக்கு ஒரு முழு மாலை ஒதுக்கப்பட்டது. இந்த வட்டாரத்தில் அந்த எண் பார்கோடிலும், பிறகு ஆதாரிலும், அதன்பின் தடுப்பூசியிலும் ஒளிந்திருப்பதாகப் பேசப்பட்டதைக் கேட்காதவர்கள் வகுப்பில் யாரும் இல்லை. ஆசிரியர் அவற்றில் எதையும் கேலி செய்யவில்லை. எபிரெயத்தில் எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டன என்று சொல்லி, ரோமப் பேரரசன் நீரோவைக் குறிக்கும் ‘நேரோன் கேசர்’ என்ற பெயரின் எபிரெய எழுத்துகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினார்: 50, 200, 6, 50, பின்பு 100, 60, 200. கூட்டச் சொன்னார். முன்வரிசையில் இருந்த பள்ளி ஆசிரியை ஒருவர் முதலில் விடையைச் சொன்னார். சில பழைய கைப்பிரதிகளில் அந்த எண் 616 என்று இருப்பதையும், பெயரின் முதற்பகுதியில் கடைசி எழுத்தான 50-ஐ விட்டுவிட்டால் அதுவே வருவதையும் காட்டியபோது மண்டபமே அமைதியாயிற்று. இது பெரும்பாலான வேத அறிஞர்கள் ஏற்கும் விளக்கம். இரேனேயு போன்ற பழங்காலத் திருச்சபைப் பிதாக்கள் வேறு பெயர்களை முன்வைத்தார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. நீரோ அன்றைக்கே செத்துப்போனவன் என்றால் இன்று நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று ஓர் இளைஞர் கேட்டார். தன்னை வணங்காதவனுக்குக் கொள்ளவும் விற்கவும் இடமில்லை என்று சொல்லுகிற எந்த அதிகாரத்திலும் அந்த மிருகத்தின் முகம் தெரியும் என்பதே பதிலாக வந்தது. அந்தப் பதிலோடு முழுமையாக உடன்படுகிறேன். எண்ணைத் தேடிக் களைப்பதைவிட, யாருக்கு முன் முழங்கால் முடக்குகிறோம் என்று பார்ப்பது மிகவும் கடினமான வேலை.

நாள் குறித்தவர்களின் வரலாற்றை ஒரே வகுப்பில் முடித்துவிட்டார். அது போதுமானதாகவும் இருந்தது. தானியேல் 8:14-இன் இரண்டாயிரத்து முந்நூறு நாட்களை ஆண்டுகளாகக் கணக்கிட்ட அமெரிக்க விவசாயி வில்லியம் மில்லரின் போதனையிலிருந்து எழுந்த 1844 அக்டோபர் 22-ஆம் தேதி, பயிரை அறுக்காமல் விட்டுக் காத்திருந்த குடும்பங்கள். 2011 மே 21-ஐ அறிவித்து, அது கடந்தபின் அக்டோபர் 21 என்று திருத்திச் சொன்ன ஹெரால்டு கேம்பிங். நமக்கு அருகிலேயே திருவிதாங்கூரில் 1881-இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்த யுஸ்துஸ் யோசேப்பும் அவருடைய யூயோமயச் சபையும். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர வேறு யாரும் அறியார் என்று மத்தேயு 24:36 தெளிவாகச் சொல்லியிருக்க, ஏமாந்துபோனவர்கள் அனைவரும் வேதத்தை நேசித்தவர்களே என்பதுதான் மனதைப் பிசைகிறது. அவர்களை இழிவாகப் பேசாமல் நடத்திய விதத்துக்காகவே இந்த வகுப்பைப் பாராட்டலாம்.

குறை என்று சொன்னால் முதலாவது தானியேல். இரண்டாம், ஏழாம் அதிகாரங்கள் நன்றாக விளக்கப்பட்டன. பதினோராம் அதிகாரத்தில் வடதிசை ராஜாவும் தென்திசை ராஜாவும் மோதுவது சிரியாவை ஆண்ட செலூக்கிய அரசர்களுக்கும் எகிப்தை ஆண்ட தாலமி அரசர்களுக்கும் நடந்த போர்களோடு எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது என்பதும், கி.மு. 167-இல் செலூக்கிய அரசன் அந்தியோகஸ் எப்பிபானஸ் எருசலேம் தேவாலயத்தைத் தீட்டுப்படுத்தியதும் அருமையாகச் சொல்லப்பட்டன. ஆனால் ஒன்பதாம் அதிகாரத்தில் தீர்க்கதரிசனமாகச் சொல்லப்படும் எழுபது வாரங்கள் ஒரு மணி நேரத்தில் அள்ளித் தெளித்தது போல முடிந்துவிட்டன. தமிழ்ச் சபைகளில் கடைசிக்காலப் போதனை முழுவதும் தொங்கிக்கொண்டிருப்பது அந்த நான்கு வசனங்களில்தான். அதேபோல், தானியேல் புத்தகம் கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததா, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் முடிவான வடிவம் பெற்றதா என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, அது விசுவாசத்தை என்ன செய்யும் என்று தவித்தவர்களுக்கு நேரம் கொடுக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். இரண்டு பேர் அதன்பிறகு வகுப்புக்கு வரவில்லை. அவர்கள் போனது எனக்கு இன்றும் வருத்தமே.

இரண்டாவது குறை இரகசிய வருகையைக் கையாண்ட விதம். சபை வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுதல் கடைசிக்கால உபத்திரவத்துக்கு முன்பே தனியாக நிகழும் என்ற போதனை 1830-களில் ஜான் நெல்சன் டார்பியால் வடிவம் பெற்று, 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்க வேதாகமத்தின் வழியாக உலகெங்கும் பரவியது என்ற வரலாறு சரியானதே. ஆனால் ஒரு போதனை எப்போது பிரபலமானது என்று காட்டுவது, அது தவறு என்று நிரூபிப்பதாகாது. அதை விசுவாசிக்கிற பெந்தெகொஸ்தே, பிரதரன் சகோதரர்கள் 1 தெசலோனிக்கேயர் நான்காம் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்விகளுக்கு முழுமையான பதில் வரவில்லை. கிறிஸ்துவின் ஆயிரவருட அரசாட்சியைப் பற்றிய மூன்று பார்வைகளையும், அவற்றில் ஒன்றை அகுஸ்தீன் எப்படி வளர்த்தெடுத்தார் என்பதையும் நிதானமாக விளக்கியவருக்கு இங்கே மட்டும் அவசரம் ஏன் என்று தெரியவில்லை.

நியாயத்தீர்ப்பைப் பற்றிய வகுப்புகளே இந்தப் பாடத்தின் உயிர். ஆசிரியர் தொடங்கியது கடைசி நியாயத்தீர்ப்பின் வெள்ளைச் சிங்காசனத்தில் அல்ல, யோனாவில். இன்னும் நாற்பது நாளில் நினிவே கவிழ்க்கப்படும் என்று தீர்க்கதரிசி சொன்னார். நாற்பது நாளும் கடந்தது, நினிவே கவிழவில்லை. அப்படியானால் தீர்க்கதரிசனம் பொய்த்ததா என்று கேட்டுவிட்டு, எரேமியா 18-ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார். பிடுங்குவேன், இடிப்பேன் என்று தேவன் சொன்ன ஜாதி தன் தீமையைவிட்டுத் திரும்பினால் அவரும் மனஸ்தாபப்படுவார் என்ற குயவன் வீட்டு வார்த்தை, நினிவேயின் கதையைத் திறந்து காட்டியது. நியாயத்தீர்ப்பின் அறிவிப்பு முன்கூட்டியே தரப்படுவது திரும்புவதற்கு இடமிருக்கிறது என்பதற்காகவே. அடுத்து ஆமோஸ் 5:18: கர்த்தருடைய நாளை ஆசையோடு எதிர்பார்க்கிறவர்களுக்கே ஐயோ என்கிற வசனம். அந்த நாள் எதிரிகளுக்குத்தான் இருட்டு, நமக்கு வெளிச்சம் என்று நம்பியிருந்தவர்களைப் பார்த்து, ஏழையை மிதித்து அவன் தானியத்தைச் சுமைசுமையாக வாங்குகிறீர்களே என்று அதே அதிகாரத்தில் ஆமோஸ் கேட்கிறார். மத்தேயு 25-இல் ஆடுகளும் வெள்ளாடுகளும் பிரிக்கப்படும்போது கேட்கப்படுவதும் பசித்தவனுக்கு ஆகாரம் கொடுத்தாயா என்பதுதானே.

வெளிப்படுத்தின விசேஷம் ஆறாம் அதிகாரத்தில் பலிபீடத்தின்கீழ் இருக்கும் கொலையுண்டவர்களின் ஆத்துமாக்கள் எதுவரைக்கும் என்று கூப்பிடும் பகுதியை வாசித்த அன்று, நிலத்தை அடாவடியாகப் பறிகொடுத்து வழக்காடிக்கொண்டிருக்கும் ஒரு வயதான அம்மா எழுந்து, “ஐயா, நியாயத்தீர்ப்பு வேண்டாம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணும் நடக்கலை போல. அது வரும்னு இருக்கிறதாலதான் நான் ராத்திரி தூங்குறேன்” என்றார். ஆசிரியர் அதற்கு மேல் எதுவும் விளக்கவில்லை. பயமுறுத்தும் போதனையாக மட்டுமே நான் கேட்டு வந்த ஒன்று, அநியாயத்தைச் சுமக்கிறவர்களுக்கு எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பதை எந்தப் பாடக்குறிப்பும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

ரோமைக் குறிப்பதாகக் கருதப்படும் பாபிலோனின் வீழ்ச்சியைச் சொல்லும் வெளிப்படுத்தின விசேஷத்தின் பதினெட்டாம் அதிகாரம் நம் மண்ணோடு தொடர்புடையது என்பது பலருக்குப் புதிய செய்தி. வர்த்தகர் அழுது புலம்பும் அந்தச் சரக்குப் பட்டியலில் பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை எல்லாம் வருகின்றன. ரோமுக்குக் கப்பலேறிய சரக்குகள் அவை. ரோமின் முத்து தேவையில் ஒரு பகுதி பாண்டியரின் கொற்கையிலிருந்து போனது. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி ஒருவரின் கடல்வழிக் குறிப்பு, கொற்கையில் முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று சொல்லுகிறது. யோவானின் பட்டியல் பொன்னில் தொடங்கி, அடிமைகளிலும் மனுஷருடைய ஆத்துமாக்களிலும் முடிகிறது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் சிற்றூராக இருக்கும் கொற்கையைத் தாண்டிப் பேருந்தில் போகிறவர்கள் வகுப்பிலேயே சிலர் இருந்தார்கள். அந்த அதிகாரத்தை இனி அவர்கள் வேறு மாதிரிதான் வாசிப்பார்கள்.

பாடக்குறிப்பைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லை. வரைபடங்கள் கறுப்புவெள்ளை நகலில் மங்கிப்போய், ஏழு சபைகளில் சர்தை எங்கே பிலதெல்பியா எங்கே என்றே தெரியாத நிலை. வசன எண்களில் பிழைகள் வேறு. வகுப்பு குறித்த நேரத்தில் முடிவதில்லை, கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பெண்கள் கேள்வி நேரத்துக்கு முன்பே கிளம்ப வேண்டியிருந்தது. பிள்ளைகளை அழைத்துவரத் தேவையில்லை; தேவகோபம் பூமியின்மேல் ஊற்றப்படும் கோபகலசங்களைப் படிக்கும் மாலைகள் அவர்களுக்கு உகந்தவை அல்ல.

பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தோடு பொதுமொழிபெயர்ப்பு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஆசிரியர் இரண்டையும் மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்வார். எந்த நாட்டுத் தலைவர் அந்திக்கிறிஸ்து என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு இங்கே எதுவும் கிடைக்காது. உபவாசக் காலம் முடிந்தபின் அடுத்த சுற்று தொடங்கும் என்றும், தானியேலுக்கு மட்டும் தனியாகச் சில வாரங்கள் சேர்க்க யோசிப்பதாகவும் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அப்படிச் சேர்த்தால் எழுபது வாரங்களுக்காகவே நான் மறுபடியும் பெயர் கொடுப்பேன்.