நியூயார்க் மேயர் பிரைமரியில் தரவரிசை ஓட்டு: முறை அருமை, எண்ணிக்கைதான் சொதப்பல்

நியூயார்க் நகரம் மேயர் பதவிக்கு முதல்முறையாகத் தரவரிசை ஓட்டைப் பயன்படுத்தியது 2021 ஜூன் 22 அன்று, ஜனநாயகக் கட்சி பிரைமரியில், அதாவது கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில். ஓட்டுப் போட்டவன் என்ற முறையில் இரண்டையும் தனித்தனியாகத்தான் மதிப்பிடுவேன்: முறைக்கு 5-க்கு 4.5, எண்ணி அறிவித்த விதத்துக்கு 2.

சீட்டு முதல் பார்வையில் கொஞ்சம் மிரட்டும். இடப்பக்கம் வரிசையாக 13 பெயர்கள், மேலே 1 முதல் 5 வரை, நடுவில் பொடிப்பொடியாக நீள்வட்டங்கள். ஆனால் பிடிபட்டுவிட்டால் சுலபம்தான். ரொம்பப் பிடித்தவருக்கு முதல் பத்தி, அடுத்தவருக்கு இரண்டாவது, அப்படியே ஐந்து பேர் வரை. ஒரே ஆளுக்கு ஐந்திலும் குறித்தால் ஒரு ஓட்டுதான். யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை என்றால் கடைசியில் இருப்பவரைக் கழித்துவிட்டு, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்துக்கு ஓட்டை மாற்றுவார்கள். 'ஜெயிக்கிற ஆளுக்குப் போடு, ஓட்டை வீணாக்காதே' என்று இனி யாரும் நம்மை மிரட்ட முடியாது, அதுதான் இதில் பெரிய நிம்மதி.

பிரச்சாரமே மாறிவிட்டது. கடைசி நாட்களில் வேட்பாளர் ஆண்ட்ரூ யாங், தன்னோடு போட்டியிட்ட கேத்ரின் கார்சியாவோடு சேர்ந்து ஓட்டுக் கேட்டு, இரண்டாவது இடத்தை அவருக்குக் கொடுங்கள் என்று தன் ஆதரவாளர்களிடமே சொன்னார். முதல் சுற்றில் மூன்றாவதாக இருந்த கார்சியா, யாங் விலக்கப்பட்ட பிறகு மாயா வைலியை முந்தி, கடைசிச் சுற்றில் எரிக் ஆடம்ஸிடம் வெறும் 7,197 ஓட்டில் தோற்றார். இந்த இருவரில் ஒருவரையும் குறிக்காததால் கடைசிச் சுற்றில் கணக்கில் வராமல் போன சீட்டுகளோ சுமார் 1,40,000! தயவுசெய்து ஐந்து இடத்தையும் நிரப்புங்கள்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். ஜூன் 29 அன்று தேர்தல் வாரியம் சுற்றுவாரியாக முடிவை வெளியிட்டது, பிறகு அன்று இரவே திரும்பப் பெற்றது. காரணம், கணினியைச் சோதிக்க ஏற்றிய சுமார் 1,35,000 போலிச் சீட்டுகளை அழிக்காமலேயே சேர்த்து எண்ணிவிட்டார்கள். தபால் ஓட்டுகளே எண்ணி முடியாத நிலையில் அப்படி என்ன அவசரம்? இவ்வளவு நெருக்கமான போட்டியில், புதிய முறையைச் சந்தேகப்பட்டுக் கொண்டிருந்தவர்கள் கையில் இவர்களே ஆயுதத்தைக் கொடுத்தார்கள். அடுத்த நாளே சரியான கணக்கு வந்தாலும் பலருக்கு நம்பிக்கை போனது போனதுதான்.

இன்னொரு குறை, நவம்பர் பொதுத் தேர்தலுக்கு இந்த முறை கிடையாது, பிரைமரிக்கும் சிறப்புத் தேர்தலுக்கும் மட்டும்தான். அங்கேயும் கொண்டுவந்தால் முதல் ஆளாக ஆதரிப்பேன்.